நான் நீக்கச் சொன்ன ஐந்தாவது பாட்டு

என் நண்பன் ஆல்பத்தை முடித்துவிட்டான் என்று என் மனைவிதான் முதலில் சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலை காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தவள், கீரைக்கட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டே, வழியில் அவனைப் பார்த்ததாகச் சொன்னாள். எட்டு வருஷமாக அவன் செய்துகொண்டிருந்த வேலை முடிந்துவிட்டதாம். நான் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னால்தான் வெளியில் விடுவானாம். "உங்க காது மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை" என்று சிரித்தாள்.

நல்ல செய்தி. நானும் நல்ல செய்தியைக் கேட்டவனைப் போலத்தான் முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் அவன் இதை முடிக்கமாட்டான் என்று நான் எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதும்.

நாங்கள் இருவரும் கோலார் தங்கவயல்காரர்கள். இருவருடைய அப்பாக்களும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கம் மூடிய பிறகு, விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்துவிட்டு அதே ரயிலில் திரும்பிப் போன கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். உட்கார இடம் கிடைக்காது. கதவோரம் நின்றுகொண்டு அவன் கம்பியில் விரலால் தட்டுவான். நான் வாயால் பேஸ் கிட்டார் வாசிப்பேன். டம் டம் என்று நான் முனகுவதைக் கேட்டு, எதிரில் நின்றவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பார்கள்.

எங்களுக்குப் பிடித்தது ப்ராக்ரெசிவ் ராக். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடாத பாட்டுகள். நடுவில் தாளம் மாறும். நான்கு நான்காக எண்ணிக்கொண்டிருப்பவன் திடீரென்று ஏழாக எண்ண வேண்டியிருக்கும். ஒரு ஆல்பம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வரும். நான் யார், இந்த உடம்புக்குள் இருந்துகொண்டு பார்க்கிறவன் யார், செத்தபின் அவன் எங்கே போகிறான் என்பது மாதிரியான கேள்விகள். இருபத்திரண்டு வயதில் அதெல்லாம் எங்களுக்கென்றே கேட்கப்பட்டதாகத் தோன்றியது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த அறையில் ஞாயிறு மதியங்களில் வாசித்தோம். அவன் கிட்டார், நான் பேஸ், ட்ரம்ஸுக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள். ஐந்து வருஷம் அப்படிப் போனது.

பிறகு எனக்கு ஐடி கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. ஞாயிறும் அலுவலகம் போக வேண்டியிருந்தது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். உண்மையில் எல்லா ஞாயிறும் போக வேண்டியிருக்கவில்லை. அவன் அளவுக்கு எனக்கு வராது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதை அவனிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை, கல்யாணம், ஜீவனஹள்ளியிலேயே ஒரு வீடு, ஊரிலிருந்து அப்பாவை அழைத்துவந்து கூட வைத்துக்கொண்டது என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவன் அல்சூர் பக்கம் இரண்டு அறை எடுத்துத் தங்கி, கல்யாண மண்டபங்களில் மைக்கும் ஸ்பீக்கரும் வைக்கும் வேலை பார்த்தான். மாலையில் நாலைந்து பேருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தான். எங்கள் பழைய கூட்டத்தில் யாராவது அவனைப் பற்றிப் பேசி, பாவம், இன்னும் அப்படியேதான் இருக்கிறான் என்று சொன்னால், நானும் பாவம் என்பேன். சொல்லும்போது மனசுக்குள் ஒரு இதம் பரவும். அந்த இதத்தை நான் அனுதாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை அல்சூருக்குப் போனேன். உள்ளறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தான், வெளியே ஆட்டோ சத்தம் வராமல் இருக்க. நடுவில் கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி. என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினான். "ஒரு மணி நேரம் ஆவும். நடுவுல பேசாத" என்று சொல்லிவிட்டு, தரையில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். நான் கேட்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆல்பத்துக்கு 'இறக்கம்' என்று பேர் வைத்திருந்தான். ஏழு பாட்டு. ஒரு மனிதன் சுரங்கத்தில் இறங்கி, அடியைத் தொட்டு, மேலே வருவதுதான் கதை. முதல் பாட்டில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுகிறது. இரண்டாவதில் அவன் தன் எண் அடித்த பித்தளை டோக்கனை வாங்கிக்கொள்கிறான். மேலே இருக்கிறவர்களுக்கு அந்த எண்தான் அவன். அப்படியானால் கீழே போகிறவன் யார் என்று பாட்டு கேட்கிறது. மூன்றாவதில் இருட்டு வருகிறது. நான்காவதில் இரண்டு குரல்கள் வாதாடுகின்றன. ஆழத்துக்குப் போகப் போக வெளியுலகம் குறைகிறது என்கிறது ஒன்று. குறைவது வெளியுலகம் இல்லை, நீ என்கிறது இன்னொன்று. இரண்டையும் அவனே பாடியிருந்தான். மிக எளிமையான சொற்கள். எங்கள் ஊர்த் தெருவில் பேசுகிற தமிழ்.

நான் இன்னொன்றைத் தேடிக்கொண்டே கேட்டேன். ரயிலில் நான் முனகின ஏதாவது ஒன்று இதில் இருக்கும் என்று நினைத்தேன். ஏழு எண்ணிக்கையில் ஒரு பேஸ் வரிசையை அந்த நாளில் நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதை எடுத்துப் போட்டிருந்தால் இங்கே வைத்துச் சண்டை போடலாம் என்று தயாராகவே இருந்தேன். பாட்டுக்குப் பாட்டு காத்திருந்தேன். ஒரு ஸ்வரம்கூட இல்லை. அவனுக்கு என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. திருடியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவனுக்கு இருந்த எல்லாம் எனக்கும் இருந்தது என்பதுதான் தாங்க முடியவில்லை. அதே சங்கு. அதே டோக்கன். என் வீட்டிலும் அப்பாவின் டோக்கன் ஒன்று இருந்தது. நான் அதைச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தேன்.

ஐந்தாவது பாட்டு பதினான்கு நிமிடம். பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஆரம்பிக்கிறது. அதை வாசித்தது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது, நன்றாக வாசித்திருந்தார்கள். பிறகு அதுவும் நின்று ஒரே ஒரு ஸ்வரம் நெடுநேரம் ஓடுகிறது. அதன்மேல் அவன் 'இறக்கம்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுகிறான். நம் வாயில் வல்லின றகரமும் இடையின ரகரமும் ஒன்றாகத்தானே வருகிறது. பத்துப் பதினைந்து முறை கேட்டபின் அவன் பாடுவது கீழே இறங்குகிற இறக்கமா, மனசு கசிகிற இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் நாலு வரிதான்.

தோள்மேல ஒரு கை.
யாருதுன்னு கேக்கல.
கேட்டா எடுத்துடுவாங்களோன்னு
கேக்கல.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் எழுந்து வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "அஞ்சாவது உங்க அப்பா சொன்னதுடா."

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். நான்கு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி என்னை ஒன்றரை வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தபோது, அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறான். மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பாவிடம் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அப்படி ஒரு நாள் அப்பா சொன்னது இது.

ஒரு ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்போது கரண்ட் போய், கேஜ் பாதி வழியில் நின்றுவிட்டது. கேஜ் என்றால் ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு. உள்ளே பன்னிரண்டு பேர். எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது, பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் தலைவிளக்கை அணைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சும் நின்றுவிட்டது. தன் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்பதே அப்பாவுக்குத் தெரியாமல் போய்விட்டது. கத்திவிடப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில் யாரோ அவர் தோளில் கையை வைத்தார்கள். அந்தக் கை ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தது. கேஜ் குலுங்கியதும் எடுக்கப்பட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லோரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தார்கள். அப்பா யாரையும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பதினோரு பேரில் யாரோடும் அவரால் சண்டை போட முடியவில்லையாம். அவனாக இருக்கலாம், இவனாக இருக்கலாம் என்று ஒவ்வொருவரைப் பார்க்கும்போதும் தோன்றுமாம்.

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் அவர் மகனாக இருந்திருக்கிறேன். இந்தக் கதையின் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் நெகிழ்ந்துபோயிருப்பதாக நினைத்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் நிதானமாக இன்னும் ரெண்டு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, பென்டிரைவில் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். ஆமாம், வருவாரே என்றாள். ரெண்டு பேரும் மாடிக்குப் போனால் மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவரை இறங்க மாட்டார்கள் என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "போன்ல எத்தன வாட்டி சொல்லியிருக்கேன். நீங்க சரி சரின்னுட்டு வேற பேச்சுக்குப் போயிடுவீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க அலுவலகம் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதையே கேட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். தேடுகிறவனுக்குக் கிடைக்காமலா போகும்? ஐந்தாவது பாட்டில் தாளம் விழுந்துவிடுகிறது. ஒரே ஸ்வரம் நாலு நிமிடம் ஓடுகிறது. இந்தக் காலத்தில் யார் பொறுமையாகக் கேட்பார்கள்? நான்காவதிலிருந்து நேராக ஆறாவதுக்குப் போனால் சுதியும் பொருந்துகிறது. இப்படி ஒவ்வொன்றாக அலுவலகத்தில் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி மனசில் அடுக்கிக்கொண்டேன். ஒவ்வொன்றும் ஓரளவு உண்மை. அதனால்தான் வசதியாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் அந்த நாலு வரி வரும்போதெல்லாம் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆல்பத்திலேயே சிறந்த பாட்டு அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டேன். முதலில் பாராட்டினேன். பிறகு ஐந்தாவதை எடுத்துவிடு என்றேன். காரணங்களைச் சொன்னேன். முடிந்ததும் அவன் கேட்டான்.

"அப்பாவோடதுன்றதால கஷ்டமா இருக்காடா? அப்படின்னா சொல்லு. நான் கேள்வியே கேக்காம எடுத்துடறேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் யாராலும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. அவனாகவே கதவைத் திறந்து வைத்தான். "ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சா. மியூசிக்கா மட்டும்தான் சொல்றேன்" என்றேன்.

"சரி" என்றான். "நீ சொன்னா சரியா இருக்கும்."

போனை வைத்ததும் எனக்குப் பசித்தது. கேன்டீனுக்குப் போய் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். அது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

ஆறு பாட்டுடன் ஆல்பம் வெளியானது. மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன அரங்கில் ஞாயிறு மதியம் வாசித்தார்கள். நூறு பேர் வந்திருப்பார்கள். கன்னடக்காரர்கள் பாதிக்கும் மேல். அவன் எங்கள் ஊர்த் தமிழில் பாடினான், நடுநடுவே கன்னடத்தில் பேசினான். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், ஏதோ குறைகிறது, கீழே போய்ச் சேர்ந்ததாகவே தெரியவில்லை, அதற்குள் மேலே வந்துவிட்டார்கள் என்று தன் மகளிடம் கன்னடத்தில் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் பேஸ் வாசித்த பெண் என்னிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். மல்லேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம், வங்கியில் வேலை, சின்ன வயதில் வீணை கற்றவள் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். அவளை எனக்குப் பிடிக்காமல் போக இத்தனை காரணம் போதும். போதாததற்கு அவள் வாசித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

"அண்ணா, அஞ்சாவது பாட்ட எடுக்கச் சொன்னது நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் காரணங்களை மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "இருக்கலாம்ணா. எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனா நீங்க போன் பண்ணதுக்கப்புறம் அவர் ஒரு மாசம் கிட்டாரையே தொடல. அந்தப் பாட்டு நல்லா இருக்குன்னு தான் நெனச்சதே தப்பாப் போச்சுன்னா, மத்தத எப்படி நம்பறதுன்னு கேட்டாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் அரங்கத்துக்கு வெளியே வந்து எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பூக்கடை, துணிக்கடை எதையும் பார்க்கவில்லை. நான் ஒரு பாட்டைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவன் தன் காதை நம்புவதையே எடுத்துவிட்டிருக்கிறேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்ததோ என்ற கேள்வி வந்தபோது, இல்லை என்று உடனே சொல்ல முடியவில்லை.

சொல்லிவிடலாம் என்று முடிவெடுக்க மூன்று வாரம் ஆனது. மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். அவள், மாமாவுடைய கதையையே இல்லாமல் பண்ணிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். என் அப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் வெளிநாட்டில் இருந்த அந்த ஒன்றரை வருஷமும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

அல்சூர் ஏரியைச் சுற்றி அவன் காலையில் நடப்பான். ஒரு நாள் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஒரு சுற்று முழுக்க வேறு எதையோ பேசினேன். இரண்டாவது சுற்றில் சொன்னேன். அந்தப் பாட்டுதான் இருப்பதிலேயே நல்ல பாட்டு, அது தெரிந்துதான் எடுக்கச் சொன்னேன் என்றேன். ஏன் என்று அவன் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கப்பா உன்கிட்ட சொன்னாரு, என்கிட்ட சொல்லல, அத என்னால தாங்க முடியல என்றேன். அது மட்டும் இல்லை, நீ இதை முடித்ததே எனக்குப் பொறுக்கவில்லை என்றும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை.

அவன் நின்றுவிட்டான். எங்களைத் தாண்டி நடைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் முகம் கோபமாக மாறவில்லை. வெறுமையாகத்தான் ஆனது.

"எம்மேல வயித்தெரிச்சல்னா என்னத் திட்டியிருக்கலாம்" என்றான். "நான் உங்கிட்ட குடுத்தது என் சந்தேகத்த. இந்தப் பாட்டு சரியா வந்திருக்கான்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. அது தெரிஞ்சுக்கத்தான் உன்னக் கூப்புட்டேன். நீ அதுலயே கையவெச்ச."

மன்னித்துக்கொள் என்றேன். அவன் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சுற்றை முடிக்காமலே பக்கவாட்டு வழியில் வெளியே போய்விட்டான்.

நாலு மாதம் பேச்சு இல்லை. நான் இரண்டு முறை மெசேஜ் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. சொன்னபின் மனசு லேசாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. முன்பு நான் செய்தது எனக்கு மட்டும் தெரியும், இப்போது அவனுக்கும் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலக மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது அவனிடமிருந்து ஒரு ஆடியோ ஃபைல் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. நாற்பத்தொரு நிமிடம். வெளியே வந்து காரிடாரில் நின்று ஒரு நொடி போட்டேன். அப்பாவின் இருமல். உடனே நிறுத்திவிட்டேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

இதே மாடியில் அவன் பதிவு செய்த பேச்சு. அப்பா சிரிக்கிறார். என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை. வார்த்தைக்கு வார்த்தை "இன்னாடா கேக்கற, சொல்றேன் இரு" என்கிறார். "டீ ஆறிப்போவுது, குடி" என்கிறார். அவன் உம் உம் என்று கேட்டுக்கொள்கிறான். ஒரு இடத்தில்கூட அவரை அவசரப்படுத்தவில்லை. கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது, அந்த அழுகையோடு சேர்ந்தே அந்த உம் மேல் எரிச்சலும் வந்தது. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னை யார் தடுத்தார்கள்?

முப்பதாவது நிமிடத்துக்கு மேல் அவன் கேட்கிறான், இதெல்லாம் உங்க பையன்கிட்ட சொல்லியிருக்கீங்களா என்று. கொஞ்ச நேரம் பறவைச் சத்தம் மட்டும் வருகிறது. பிறகு அப்பா சொல்கிறார்.

"அவன்கிட்ட சொல்றதில்ல. சின்னதுல சங்கு ஊதனா போதும், என் கால கட்டிக்கினு அழுவான். போவாத போவாதன்னு. ஒரு வாட்டி ஜுரமே வந்துடுச்சு. அப்பலேந்து அவன் எதுர்ல சுரங்கத்தப் பத்தி பேசறத வுட்டுட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. மூன்று வயதோ நான்கு வயதோ இருந்திருக்கும். அப்பா பேச்சுக் குறைந்தவர், என்மேல் அவ்வளவாகப் பிரியமில்லாதவர் என்று நான் ஒரு முடிவுக்கு வந்து, அதையே வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறேன். என்னைப் பற்றிய இந்த ஒரு விஷயம் என் நண்பனுக்கு நான்கு வருஷமாகத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றியாகத்தான் இருந்தது. அதிலும் அவன் எனக்கு முன்னால் போய்விட்டானே என்ற எண்ணம் வராமல் இல்லை. வந்தது. வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று மாலையே அவனுக்கு போன் செய்தேன். எடுத்தான். நன்றி சொன்னேன். ம்ம் என்றான். அப்பா சிரிக்கிறதைக் கேட்டேன் என்றேன். "நல்லா சிரிப்பாருடா" என்றான். வைப்பதற்கு முன்னால், ஐந்தாவதை மறுபடியும் சேர்க்கப் போவதாகவும் இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை என்றும் சொன்னான்.

ஏழு பாட்டோடு அதே மல்லேஸ்வரம் அரங்கில் இன்னொரு ஞாயிறு மதியம் வாசித்தார்கள். என்னை அழைத்தது அவன் இல்லை, பேஸ் வாசிக்கிற பெண்தான் அழைத்தாள். மனைவியும் நானும் போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். எங்கப்பாவைப் பற்றி மேடையில் ஏதாவது சொல்வானோ என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது பாட்டு முடிந்ததும் அரங்கில் விளக்கை அணைத்தார்கள். அந்தப் பெண் தனியாக ஆரம்பித்தாள். ஒரே ஸ்வரம் ஓடிய அந்த நாலு நிமிடமும் ஒருவர்கூட இருமவில்லை. நான் பொறுமையாகக் கேட்கமாட்டார்கள் என்று சொன்ன அதே ஜனம். நாலு வரி வந்தபோது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிந்தபின் கூட்டத்துக்குள் அவன் எங்களிடம் வந்தான். மனைவியிடம் சாப்பாடு ஆச்சா என்று கேட்டான். என்னைப் பார்த்து, "எப்படி இருந்துச்சு?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். எல்லோரிடமும் கேட்கிற மாதிரி.

"நல்லா இருந்துச்சு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனான். முன்பெல்லாம் நான் நல்லா இருந்தது என்று சொன்னால், எங்கே, எந்த இடம், ஏன் என்று விடாமல் கேட்பான். இப்போது கேட்கவில்லை. அதை நான் இழந்துவிட்டேன். அது திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது.

மெட்ரோவில் திரும்பும்போது மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் ரொம்ப அழகாக வாசித்தாள் இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூன்றாவது நிமிடத்தில் அவள் இன்னும் ஒரு மாத்திரை தாமதித்திருக்கலாம், நானாக இருந்தால் தாமதித்திருப்பேன் என்று தோன்றியது. சொல்லவில்லை. என் வலது கை விரல்கள் மடிமேல் அதை வாசித்துக்கொண்டிருந்தன.